தகெடா கோட்டை மேகத்துல மிதக்கறத எங்க நின்னு பாக்கணும்?

கேள்வி:
நவம்பர் நடுவுல நானும் அம்மாவும் ஒசாகால நாலு நாள் இருப்போம். ஹியோகோ பக்கம் இருக்கற தகெடா கோட்டை போட்டோ பாத்ததுலேந்து அம்மாவுக்கு அங்க போகணும்னு ஒரே ஆசை, மேகத்துக்கு மேல கல்சுவர் மட்டும் தெரியுமே அதேதான். காலைல ஹிமேஜி கோட்டைய பாத்துட்டு மத்தியானம் அங்க போனா சரியா வருமா? அம்மாவுக்கு 62 வயசு, மெதுவாதான் ஏறுவாங்க.

பதில் 1:
மத்தியானம் போனா மேகம் இருக்காதுங்க. ராத்திரி வானம் தெளிவா இருந்து நல்லா குளிர்ந்தாதான் மருயாமா ஆத்துப் பக்கம் மூடுபனி கிளம்பி பள்ளத்தாக்கு பூரா நிறையும், வெயில் ஏறினா கலஞ்சிடும். அதனால முந்தின ராத்திரியே பக்கத்துல தங்கிடுங்க. இன்னொண்ணு, அந்த போட்டோ எடுத்த எடம் கோட்டை இல்ல, எதிர் மலைல இருக்கற ரிட்சுஉன்க்யோ. கோட்டைல நின்னா கீழ மேகம் தெரியும், ஆனா கோட்டை மிதக்கறது எப்படி தெரியும்? ரிட்சுஉன்க்யோல கார் நிறுத்தற எடத்துக்குக் கிட்டயே ஒரு பார்வை மேடை இருக்கு, அம்மாவுக்கு அதுவே போதும். விடிகாலைக்கு டாக்ஸி முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க.

பதில் 2:
மேகம் கிடைக்கலன்னாலும் கோட்டைக்குப் போகாம திரும்பிடாதீங்க ப்ளீஸ். மேல கட்டடம் ஒண்ணும் கிடையாது, வெறும் கல்சுவர்தான், ஆனா 353.7 மீட்டர் உயரத்துல மலை முதுகு மேலயே வடக்கு தெற்கா கிட்டத்தட்ட 400 மீட்டர் நீளத்துக்கு, அதிகம் செதுக்காத கல்ல சாந்து இல்லாம அடுக்கிருக்காங்க, 400 வருஷத்துக்கு மேல நிக்குது. கடைசியா ஆண்ட அகமட்சு ஹிரோஹிதே 1600ல செகிகஹாரா போருக்கப்பறம் தொத்தோரி ஊர கொளுத்தினதா பழி வந்து செப்புக்கு (தன் வயித்தத் தானே கிழிச்சு சாகற சாமுராய் முறை) பண்ணிக்கிட்டார், கோட்டையும் அதோட கைவிடப்பட்டது. அந்தக் காலி முற்றத்துல நிக்கறப்ப அது ஞாபகம் வந்து எனக்கு மனசு ரொம்ப கனத்துப் போச்சு.

தகெடா ஸ்டேஷன் பின்னாடி போற பாதை செங்குத்து, அம்மாவுக்கு வேணாம். பஸ்ல மேல போய் எறங்கினா ஒரு 20 நிமிஷ நடைதான். ஹிமேஜிலேந்து பான்தான் லைன்ல வந்து தெராமாயேல மாறணும், ரயில் கம்மி, டைம் பாத்து கிளம்புங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க! ஹிமேஜிய முந்தின நாளே முடிச்சிட்டு ராத்திரி தகெடாலயே தங்கறோம். காலைல ரிட்சுஉன்க்யோ, அப்பறம் பஸ்ல கோட்டை. அம்மாகிட்ட ஹிரோஹிதே கதைய சொன்னேன், இப்ப மேகத்த விட அந்த முற்றத்ததான் முதல்ல பாக்கணும்ங்கறாங்க.