பூங்காவில் இலவச ஜாஸ், ஃபங்க் கச்சேரி: உங்களுக்கு மறக்காத கணம் எது?

பின்வரிசை:
இரண்டாவது பாட்டிலேயே மின்சாரம் போய்விட்டது. புல்வெளி, விரிப்பு, வெயில், மேடைக்கு முன்னால் ஆடும் குழந்தைகள் எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். கனத்த கீழ்ச்சுரம் வாசிக்கும் பேஸ் கிட்டாரும் கீபோர்டும் சட்டென்று ஊமையாகிவிட்டன. டிரம்மர் மட்டும் நிறுத்தவே இல்லை. சாக்ஸபோன்காரர் மேடையிலிருந்து இறங்கி, வாசித்தபடியே கூட்டத்துக்குள் நடந்து வந்தார். பேஸ் வாசித்த பெண் பார்த்தார், தன் பகுதியை வாயாலேயே பாட ஆரம்பித்துவிட்டார். முன்னால் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் புல்வெளி முழுக்க 'தும்... த-தும்' என்று அதையே பாடுகிறது! அப்புறம் ஜெனரேட்டர் ஓடியது, கச்சேரியும் சாதாரணமாகிவிட்டது. மின்சாரம் வந்திருக்கவே வேண்டாமோ என்று இன்னும் தோன்றுகிறது.

ஒத்தைத்தட்டு:
சந்தோஷமான விஷயம்தான். ஆனால் அதை ஃபங்க் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். 1967இல் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் 'கோல்ட் ஸ்வெட்' பாட்டு வந்ததிலிருந்து, சுற்றின் முதல் அடியில் டிரம்ஸும் பேஸும் சேர்ந்து இறங்குவதுதான் இந்த இசையின் உயிர். ஒலியைப் பெருக்கும் ஆம்ப் செத்தால் பேஸ் செத்தது. கூட்டம் 'தும் தும்' என்றால் அது கூட்டுப்பாட்டு.

நான் பார்த்தது வேறு. ஒரு பக்கம் முழுக்க, நான்கு அடிச் சுற்றின் ஒன்றிலும் மூன்றிலும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். தட்ட வேண்டியது இரண்டிலும் நான்கிலும். கீபோர்டுக்காரர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். அடுத்த சுற்றில் ஓர் அடியைக் கூடுதலாகச் செருகினார். அவ்வளவுதான், அதே கைதட்டல் சரியான இடத்தில் போய் விழுந்தது. தட்டியவர்களுக்குத் தெரியவே தெரியாது. டிரம்மருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மரநிழல்:
ஒத்தைத்தட்டு, ஆம்ப் இல்லாவிட்டால் பேஸ் இல்லையா? அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் தெரு ஊர்வலங்களில் சூசாஃபோன் என்ற பெரிய ஊதுகருவிதான் பேஸ். அதற்கு எந்த பிளக்கும் வேண்டாம்.

கைதட்டலிலும் எல்லாப் பழியையும் ஜனங்கள் மேல் போடாதீர்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 85 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் கால் விநாடி தாமதம். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் அது அரை அடி. மேடையில் இருப்பவர் காதுக்கு அந்தக் கைதட்டல் திரும்பிப் போவதற்குள் இன்னொரு அரை அடி! ஒரு தடவை மைதானத்தின் கடைசியில் நின்றேன். டிரம்மரின் குச்சி மேலே போன பிறகு அடி கேட்டது. அன்றைக்கு முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், பாட்டு ஒன்றும் நினைவில் இல்லை.

காதுகாவலன்:
ஸ்பீக்கருக்கு எதிரே ஓர் அப்பா, தோளில் குழந்தை. டிரம்பெட் உச்சத்துக்குப் போனதும் குழந்தை இரண்டு கையாலும் காதைப் பொத்தியது. தன் காதை இல்லை, அப்பாவின் காதை.

எல்லோருக்கும் சொல்கிறேன். 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது வேலையிடங்களுக்கான கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் வெறும் 15 நிமிடம். ஸ்பீக்கர் பக்கத்தில் அது சர்வசாதாரணம். பஞ்சை உருட்டி வைத்தால் போதாது, இசைக்கென்றே விற்கும் காதடைப்பான் வாங்குங்கள். குழந்தைக்குக் காதை முழுக்க மூடும் கவசம். உட்கார நல்ல இடம், ஒலியைக் கலக்கும் மேசைக்குப் பக்கம். அங்கே நன்றாகக் கேட்பதை வைத்துத்தான் மற்ற இடங்களுக்கும் சரிசெய்கிறார்கள். சீக்கிரம் போய் நாற்காலியைப் போட்டுவிடுங்கள். தொப்பி, தண்ணீர் மறக்காதீர்கள்.

மரநிழல்:
நாற்காலி போடச் சொல்கிறீர்களே, பின்னால் தரையில் உட்கார்ந்திருப்பவர் எதைப் பார்ப்பார்? தரையோடு தரையாக இருக்கும் குட்டை நாற்காலி என்றால் சரி.