குழிநரியைப் படம்பிடிக்க யோசனை சொல்லுங்கள்

வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையின் தாழ்வாரப் புழுதியில் குழிநரிகள் (மண்ணில் குழி பறித்து, அதில் விழும் எறும்பைப் பிடிக்கும் சிறு பூச்சிப்புழுக்கள்) நிறைய இருக்கின்றன. சின்னது பெரிதாகத் தெரிய, பழைய 50 மி.மீ. லென்ஸை முன்பின்னாகத் திருப்பி மாட்டி வீடியோ எடுக்கிறேன். எறும்பு குழிக்குள் சரிந்ததும் குழிநரி தலையால் மண்ணை வாரி எறிகிறது; மறுநொடி கொடுக்குபோன்ற தாடை மட்டும் தெரிகிறது, எறும்பைக் காணோம். (நானாக எறும்பைத் தள்ளிவிடுவதில்லை. அதனால் காத்திருந்தே இடுப்பு போய்விட்டது.)

தாடை தெளிவாக இருந்தால் எறும்பு மங்குகிறது. இரண்டும் தெளிவாக விழ லென்ஸ் துளையைச் சுருக்கினால் வெளிச்சம் போதவில்லை. வீட்டு எல்.இ.டி. விளக்கை வைத்தால், நொடிக்கு 120 பிரேமில் பட்டை பட்டையாகக் கோடு ஓடுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை துடிப்பதுதான் காரணம். பேட்டரியில் துடிக்காமல் எரிகிற, அதிகம் சூடேறாத சிறிய விளக்கு எது? தரையோடு கேமராவை எதன்மேல் வைக்கிறீர்கள்? பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வலுத்தால் குழிகள் தூர்ந்துவிடும்; அதற்குள் எடுத்துவிட வேண்டும்.