ஓவர்டைம் பாக்கி: சமரசப் பேச்சில் தவணைக்கு ஒத்துக்கொள்ளலாமா?

வணக்கம் அண்ணன்மார்களே. சிங்கப்பூரில் கட்டுமான வேலை பார்க்கிறேன். போன மாதம்தான் வேறு கம்பெனிக்கு மாறினேன். பழைய முதலாளி ஏழு மாத ஓவர்டைம் தரவில்லை. ஒன்றரை மடங்கு தர வேண்டியதை, "சாப்பாடு போட்டோமே" என்று கழித்துவிட்டார். அது என்ன கணக்கோ!

வேலையை விட்ட 6 மாதத்துக்குள் புகார் தர வேண்டும் என்பதால் உடனே டாடெம்மில் (TADM, சம்பளத் தகராறுகளைப் பேசித் தீர்த்துவைக்கும் அமைப்பு) பதிந்துவிட்டேன். அடுத்த வியாழன் சமரசப் பேச்சு. அங்கே முடியாவிட்டால், வழக்கை மன்றத்துக்கு அனுப்பும் சான்றிதழை அவர்களிடம் வாங்கிக்கொண்டு 4 வாரத்துக்குள் வேலை தொடர்பான கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்துக்குப் போகலாமாம். அங்கே வக்கீல் வைக்க முடியாது, நானேதான் பேச வேண்டும்.

இப்போது பழைய முதலாளி போன் செய்து, "பாதி தருகிறேன், அதுவும் மூன்று தவணையில், கையெழுத்துப் போடு" என்கிறார். டைம் கார்டுகளைத் தினமும் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்; நடுவில் இரண்டு வாரம் மட்டும் இல்லை. ஃபோர்மேன் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகள் அதற்கு உதவுமா?

தவணைக்கு ஒத்துக்கொண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: இரண்டாம் தவணை வராவிட்டால் என்ன செய்தீர்கள்? பேச்சுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்க வேண்டுமா?