சீனப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை: ஒப்புக்கொள்ளலாமா?

கேள்வி:

அக்காவுக்கு வணக்கம். திருநெல்வேலிக்கு அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஒன்பது ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். சம்பளம் 31,000 ரூபாய். முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன், வாய்மொழித் தேர்வு மட்டும் பாக்கி. சீனாவின் ஹூனான் மாகாணத்தில், சாங்ஷா நகரில் ஒரு பல்கலைக்கழகம் மாதம் 9,000 யுவான் சம்பளமும் வளாகத்திலேயே வீடும் தருவதாகச் சொல்கிறது. வாரம் 16 மணி நேரம் வகுப்பு. இடையில் இருக்கும் முகவர், "முதலில் வணிக விசாவில் வாருங்கள், வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம், பத்து நாளில் பதில் சொல்லுங்கள்" என்கிறார். மனைவியையும் நான்கு வயது மகளையும் அழைத்துச் செல்ல ஆசை. போகலாமா?

பதில்:

தம்பி, மற்றதெல்லாம் பிறகு. வணிக விசாவில் மட்டும் போகாதீர்கள். நான் ஹூபெய், ஜியாங்சி மாகாணங்களில் ஆறு ஆண்டுகள் கற்பித்தவள். இந்த ஒரு வார்த்தையை நம்பி வந்து அழுதுகொண்டே திரும்பியவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேலை அனுமதி இல்லாமல் வேலை செய்யும் வெளிநாட்டவருக்குச் சீனச் சட்டப்படி 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். குற்றம் கடுமையானது என்று கருதினால் 5 முதல் 15 நாள் வரை காவலிலும் வைக்கலாம். அகப்படுவது நீங்கள்தான். முகவர் அப்போது தொலைபேசியைக்கூட எடுக்க மாட்டார்.

முறையான வழி இப்படி. பல்கலைக்கழகம் உங்கள் பெயரில் விண்ணப்பித்து, வேலை அனுமதி அறிவிப்புக் கடிதத்தைப் பெற்று உங்களுக்கு அனுப்ப வேண்டும். அதைக் காட்டித்தான் இங்கே இசட் விசா, அதாவது வேலைக்கான விசா, வாங்க வேண்டும். சென்னையில் சீனத் துணைத் தூதரகம் இல்லை. டெல்லியில் தூதரகமும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் துணைத் தூதரகங்களும் இருக்கின்றன. ஆகவே பயணச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சீனாவில் இறங்கிக் குடியேறிய 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தங்குமிடத்தைப் பதிய வேண்டும். மருத்துவப் பரிசோதனையை முடித்து, 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். நல்ல பல்கலைக்கழகம் என்றால் வெளிநாட்டு விவகார அலுவலகத்திலிருந்து ஒருவர் கூடவே வந்து இதையெல்லாம் முடித்துத் தருவார்.

இனி, நம்மவர்கள் அதிகம் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். மொழி ஆசிரியர் தம் தாய்மொழியையே கற்பிக்க வேண்டும், அந்த மொழி பேசும் நாட்டில் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பது அங்கே கொள்கையளவிலான விதி. நடைமுறையில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் பாஸ்போர்ட்டுகளையே முதலில் பார்ப்பார்கள். நாம் முதல் வகுப்பிலிருந்து ஆங்கில வழியில் படித்தோம், ஒன்பது ஆண்டுகள் கற்பித்தோம் என்பதெல்லாம் அந்த அலுவலக மேசையில் எடுபடாது. எனக்கு இது வலித்தது, இன்றும் வலிக்கிறது. ஆனால் வலியை வைத்து முடிவெடுக்க முடியாது, விதியை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இந்தியர்கள் எப்படிப் போகிறார்கள் என்று கேட்பீர்கள். பெரும்பாலும் மொழிப் பயிற்சியாளர் என்ற பெயரில் அல்லாமல் துறை விரிவுரையாளராக, இலக்கியமோ ஆய்வுக் கட்டுரை எழுதும் முறையோ கற்பிப்பவராகப் போகிறார்கள். அதற்கு முனைவர் பட்டம் பெரிய துணை. 2017 முதல் நாடு முழுவதும் வெளிநாட்டு ஊழியர்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். கல்வித்தகுதி, அனுபவம், சம்பளம், வயது எல்லாவற்றுக்கும் புள்ளிகள் உண்டு. 60 புள்ளிக்கு இரண்டாம் வகை, 85 புள்ளிக்கு முதல் வகை. ஒவ்வொரு மாகாணமும் விதியைத் தன் போக்கில் இறுக்கும், தளர்த்தும். ஆகவே முகவரை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு விவகார அலுவலகத்துக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். "இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எந்தப் பதவிப் பெயரில் வேலை அனுமதி வாங்குவீர்கள்? இதற்கு முன்பு இந்தியர் யாருக்காவது வாங்கியிருக்கிறீர்களா?" இந்த இரண்டு கேள்விகள் போதும். தெளிவாக எழுத்தில் பதில் வந்தால் மேலே பேசலாம். மழுப்பினால் அத்துடன் விட்டுவிடுங்கள்.

இன்னொரு முடிச்சு உங்கள் கல்லூரியிலேயே இருக்கலாம். நம் ஊரில் எத்தனையோ தனியார் கல்லூரிகள் ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்திருக்கின்றன. சீனாவுக்குப் பட்டச் சான்றிதழையும் காவல்துறை நற்சான்றையும் சான்றொப்பம் வாங்கித்தான் அனுப்ப வேண்டும், அசல் இல்லாமல் நடக்காது. வேலையை விடாமல், மேற்படிப்புக்கோ பாஸ்போர்ட் வேலைக்கோ தேவை என்று எழுதிக் கொடுத்தாவது அசலை முதலில் கைக்கு வாங்குங்கள். அறிவிப்புக் கடிதம் வராமல் பதவி விலகல் கடிதம் கொடுக்காதீர்கள்.

சம்பளக் கணக்கு. யுவானுக்கு 12, 13 ரூபாய் என்று வைத்தால் 9,000 யுவான் லட்சத்தைத் தாண்டுகிறது. மாதம் 5,000 யுவான் வரை வருமான வரி இல்லை. மீதி 4,000க்கு, ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 36,000 யுவான் வரை 3 சதவீதம், அதற்கு மேல் 10 சதவீதம். மாதத்துக்கு 190 யுவான் அளவில் வரும். சமூகக் காப்பீட்டில் உங்களைச் சேர்த்தால் ஓய்வூதியத்துக்கு 8 சதவீதம், மருத்துவத்துக்கு 2 சதவீதம் என்று பிடிப்பார்கள். நிரந்தரமாக நாட்டை விட்டுப் புறப்படும்போது ஓய்வூதியத் தனிக்கணக்கில் சேர்ந்ததை எழுதிக் கேட்டுத் திரும்பப் பெறலாம், அதை மறந்துவிடாதீர்கள். வீட்டு வாடகை இல்லை, மதியம் மாணவர் உணவகத்தில் சாப்பாடு என்று இருந்தால் பாதிக்கு மேல் மிச்சம் பிடிக்கலாம். ஆனால் சம்பளம் 12 மாதத்துக்கா 10 மாதத்துக்கா என்று கேட்டீர்களா? ஜூலை, ஆகஸ்ட் சம்பளம் இல்லை என்பது ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும். ஒப்பந்தம் இரண்டு மொழியில் இருந்தால் எந்த மொழிப் பிரதி செல்லும் என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் சீனப் பிரதிதான் செல்லும். சீனம் தெரிந்த ஒருவரிடம் காசு கொடுத்தாவது அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பணத்தை ஊருக்கு அனுப்ப வங்கியில் ஒப்பந்தமும் வரி கட்டிய சான்றும் கேட்பார்கள். வரியைக் கட்டாமல் கையில் ரொக்கமாகத் தருகிறேன் என்று சொல்லும் இடத்துக்குப் போகவே வேண்டாம்.

என் சொந்த அனுபவம் ஒன்றும் சொல்ல வேண்டும். முதல் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு முடித்து வேறிடம் போக நினைத்தபோது, விடுவிப்புக் கடிதத்தைத் தராமல் ஏழு வாரம் இழுத்தடித்தார்கள். அது இல்லாமல் புதிய இடத்தார் வேலை அனுமதியை மாற்ற முடியவில்லை. குடியிருப்பு அனுமதியோ முடிவதற்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒப்பந்தம் முடிந்த இத்தனை நாளுக்குள் விடுவிப்புக் கடிதம் தரப்படும் என்ற வரியை அப்போதே சேர்க்கச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் சேர்க்கச் சொல்லுங்கள்.

வேலையைப் பற்றிப் பயப்படாதீர்கள். 16 மணி நேரம் என்பது பெரும்பாலும் 45 நிமிடப் பாடவேளைகள் பதினாறு, இரண்டிரண்டாகச் சேர்த்து எட்டு வகுப்புகள். ஒரே பாடத்தை நான்கு வகுப்புக்கு எடுப்பீர்கள், எனவே தயாரிப்பும் குறைவு. ஒரு வகுப்பில் நாற்பது, ஐம்பது பேர் இருப்பார்கள். முதலில் நிரம்புவது கடைசி வரிசை. கேள்வி கேட்டால் அமைதி. அது மரியாதைக் குறைவு அல்ல. நாடு தழுவிய ஆங்கிலத் தேர்வுக்கு, நான்காம் நிலை, ஆறாம் நிலை என்று, வாசித்தும் எழுதியும் பழகிய பிள்ளைகள். பேசும்போது பிழை வந்தால் பத்துப் பேர் முன்னால் மானம் போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். நம் கிராமப்புறப் பொறியியல் மாணவனை ஆங்கிலத்தில் பேச வைத்த உங்களுக்கு இந்த மௌனம் புதியதல்ல. அமெரிக்காவிலிருந்து வரும் இளைஞரைவிட உங்களுக்குத்தான் அது விளங்கும். முதல் நாளே வகுப்புத் தலைவரை, அங்கே பான்ஜாங் என்பார்கள், அறிமுகம் செய்துகொள்ளுங்கள். அறை மாறியது முதல் விடுமுறை மாறியது வரை எல்லாச் செய்தியும் அவர் வழியாகத்தான் உங்களுக்கு வரும்.

சாங்ஷாவின் குளிர் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஜனவரியில் 5 டிகிரியைச் சுற்றியே இருக்கும், கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் அரசு தரும் மைய வெப்ப வசதி ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே மட்டும்தான். வடக்கே உறைபனி ஊரான ஹார்பினில் அறைக்குள் மெல்லிய சட்டையோடு இருக்கலாம். சாங்ஷாவில் அறைக்குள்ளும் கம்பளியோடுதான் இருக்க வேண்டும், ஈரக் குளிர் எலும்பைத் தொடும். வீட்டில் வெப்பம் தரும் ஏசி இருக்கிறதா, மின்கட்டணத்துக்கு வரம்பு வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். சாப்பாட்டில் ஹூனான்காரர்கள் மிளகாயில் நமக்கு அண்ணன்மார், அந்தக் கவலை வேண்டாம். சைவம் என்றால்தான் கவனம் தேவை, கீரையையும் பன்றிக் கொழுப்பில் வதக்கும் கடைகள் உண்டு.

வீட்டோடு பேசுவதுதான் நிஜமான சிக்கல். அங்கே வாட்ஸ்அப்பும் கூகுளும் யூடியூபும் திறக்காது. அங்கே எல்லாவற்றுக்கும் வீசாட் என்ற சீனச் செயலிதான், அதையோ இந்தியா 2020 ஜூனில் தடை செய்துவிட்டது. இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்கிறது. தடையைத் தாண்டும் செயலிகளைப் பலர் வைத்திருந்தாலும் அனுமதியற்றவை சட்டப்படி தவறானவை. நான் இந்திய சிம்மை சர்வதேச ரோமிங்கில் வைத்திருந்தேன், அதில் வாட்ஸ்அப் வேலை செய்தது. காசு கூடுதல்தான், ஆனால் இரவு அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் என்னால் தூங்க முடிந்ததில்லை.

குடும்பம் முதல் ஆண்டு வேண்டாம், தம்பி. மனைவிக்குக் கிடைப்பது உடன் வாழும் விசா, அதில் வேலை செய்ய முடியாது. மகளுக்குச் சர்வதேசப் பள்ளிக் கட்டணம் உங்கள் சம்பளத்தையே விழுங்கும். உள்ளூர் மழலையர் பள்ளி முழுக்கச் சீன மொழியில். ஆறு மாதம் தனியாக இருந்து பாருங்கள், பிறகு கோடை விடுமுறையில் வரச் சொல்லுங்கள்.

கேள்வி:

நன்றி அக்கா. பல்கலைக்கழகத்துக்கே எழுதினேன். விரிவுரையாளர் பதவியில் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கத் தயார், முனைவர் பட்டச் சான்றிதழ் வேண்டும் என்கிறார்கள். செப்டம்பரில் சேர முடியாது, பிப்ரவரி இறுதியில் தொடங்கும் பருவத்தில்தான் சேர முடியும். முகவரோ, காத்திருந்தால் இடம் போய்விடும் என்கிறார். இன்னொன்றும் மனத்தை அரிக்கிறது. என் நிறத்தையும் உச்சரிப்பையும் பார்த்து மாணவர்கள் என்ன நினைப்பார்கள்?

பதில்:

எழுத்தில் பதில் தந்திருக்கிறார்களே, அதுவே நல்ல அறிகுறி. பிப்ரவரிக்குச் சம்மதம் என்று இன்றே எழுதுங்கள், முகவருக்கு ஒரு பிரதி போதும். வாய்மொழித் தேர்வை விரைவுபடுத்தச் சொல்லி நெறியாளரைப் போய்ப் பாருங்கள். தற்காலிகச் சான்றிதழ் போதுமா, பட்டமளிப்பு விழாவில் தரும் சான்றிதழ்தான் வேண்டுமா என்று அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இடம் போய்விட்டால் போகட்டும். உங்கள் பட்டம் உங்களோடுதான் இருக்கும்.

நிறத்தைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். முதல் வாரம் சிலர் முகத்தில் ஏமாற்றம் தெரியும், வெள்ளைக்காரரை எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கு அது மூன்று வாரத்தில் மாறியது. ஒவ்வொரு மாணவர் பெயரையும் சீன ஒலிப்போடு சரியாகச் சொல்லப் பழகினேன், அதற்காக இரவில் உட்கார்ந்து பயிற்சி செய்தேன். மூன்றாம் வாரம் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, அவளுடைய ஊர்ப்பேச்சு வழக்கில் வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுத்தாள். பதிலுக்குத் தமிழில் கற்றுக்கொடுத்தேன். அந்த வகுப்பு அதன் பிறகு மௌனமாக இருந்ததே இல்லை. ஃபூஜியன் மாகாணத்து சுவான்ஜோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, அதன் படத்தையும் வகுப்பில் காட்டுங்கள். தமிழ் வணிகர்கள் 700 ஆண்டுகளுக்கு முன்பே வந்து கோயில் கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அந்தப் பிள்ளைகள் கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

அறிவிப்புக் கடிதம் கைக்கு வந்ததும் எழுதுங்கள். பெட்டியில் புளி எவ்வளவு, கம்பளி எவ்வளவு என்று அப்போது சேர்ந்து கணக்குப் போடலாம்.