எரிபொருள் சலுகைக்கு எதிராக மதக் குழுக்கள்: மனு எங்கே சறுக்குகிறது?

பருவநிலையைக் காக்க நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவுக்கு அரசு தரும் சலுகையை நிறுத்தக் கேட்டு நிதித்துறை அதிகாரியைப் பார்க்கப் போகும் மதக் குழுக்கள் பெரும்பாலும் "எரிபொருள் மானியத்தை நிறுத்துங்கள்" என்ற ஒற்றை வரியில்தான் மாட்டிக்கொள்கின்றன. "ஏழை வீட்டு சிலிண்டர் விலையை ஏற்றச் சொல்கிறீர்களா?" என்று அவர் கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. 2019 அக்டோபரில் எக்வடார் அரசு பெட்ரோல், டீசல் மானியத்தை ஒரே ஆணையில் வெட்டியது. தெருவெல்லாம் போராட்டம், அதே மாதம் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். எந்த அதிகாரிக்கும் அது மறக்காது.

ஆகவே நுகர்வோர் மானியத்தைத் தொடாதீர்கள். எண்ணெய்க் கிணறு தோண்டும் செலவுக்கு வரிக்கழிவு, குறைத்த ராயல்டி (வளத்தை எடுக்க அரசுக்குக் கட்டும் பங்கு), அரசின் கடன் உத்தரவாதம், ஏற்றுமதிக் கடன் என உற்பத்தியாளருக்குப் போவதை நிறுத்தக் கேளுங்கள். பட்ஜெட் உரையில் இவை கண்ணில் படுவது அரிது. பின்னிணைப்பில், வரிச்சலுகையால் இழந்த வருவாய் அட்டவணையில் தேட வேண்டும். ஒரே ஒரு சலுகை, அதன் தொகை, பக்க எண்: அரைப்பக்கம் போதும். ஐந்து கோரிக்கை வைத்தால் சுலபமான ஒன்றுக்குத் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள்.

*

மேலே சொன்னது சரி. எண்ணிலும் கவனம் வேண்டும். உலகம் முழுவதற்குமான எரிபொருள் மானியம் என்று சர்வதேச நாணய நிதியம் 2022-க்குக் கணக்கிட்ட 7 லட்சம் கோடி டாலரை அப்படியே மனுவில் போடுகிறார்கள். அதில் நேரடி மானியம் 1.3 லட்சம் கோடிதான். மீதியில் பெரும்பங்கு, காற்று மாசுக்கும் பருவநிலைச் சேதத்துக்கும் வசூலிக்காமல் விட்ட விலை. "இது கஜானாவிலிருந்து போன பணமா?" என்று கேட்டால் பதில் கையில் இருக்கணும்.

*

பல மதத்தார் கூடி எழுதும்போது இழுபறி வருவது கோரிக்கையில் அல்ல, முன்னுரையில். எல்லாருக்கும் பொதுவான இறையியல் வாசகம் தேடினால் வாரக்கணக்கில் நகராது. கோரிக்கைப் பத்தி ஒன்றாக இருக்கட்டும். முன்னுரையை அவரவர் தனித்தாளில் எழுதட்டும். கத்தோலிக்கருக்குத் திருத்தந்தை பிரான்சிஸின் 2015 சுற்றுமடல், 165-ஆம் பத்தி: நிலக்கரி, எண்ணெய் சார்ந்த தொழில்நுட்பத்தைத் தாமதமின்றிப் படிப்படியாக மாற்றச் சொல்கிறது. இஸ்லாமியருக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் வந்த, பருவநிலை மாற்றம் பற்றிய இஸ்லாமியப் பிரகடனம். எண்ணெய் வளநாடுகளையே நேராகப் பார்த்துப் பேசுவது அதன் பலம்.

*

ஒன்று விட்டுப்போச்சு: "உங்கள் நிதி எங்கே இருக்கிறது?" என்ற கேள்வி கட்டாயம் வரும். உலகத் திருச்சபைகள் மன்றம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுத் துறையில் முதலீடு இல்லை என்று 2014-லேயே முடிவெடுத்தது. இங்கிலாந்து திருச்சபை எண்ணெய் நிறுவனங்களோடு ஆண்டுக்கணக்கில் பேசிப் பார்த்துவிட்டு 2023-ல்தான் விலகுவதாக அறிவித்தது. பரஸ்பர நிதியில் போட்டிருந்தால் திட்டத்தின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். எந்தெந்தப் பங்கு என்ற பட்டியலை வாங்கி வரிவரியாகப் பாருங்கள். 'பசுமை' என்று பெயர் வைத்ததிலும் எரிவாயு நிறுவனம் இருக்கலாம்.

மனுவைப் பட்ஜெட் தயாரிப்புக்கு முந்தைய ஆலோசனைக் காலத்தில் கொடுங்கள். பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் உங்கள் பிரதியில் விழாமல் வெளியே வராதீர்கள்.