'1984' நாவலும் கிராமரும்: தரம் 12 ஆங்கில வகுப்பில் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோவது எப்படி?

நிலாவெளி_ரீச்சர்

வணக்கம். திருகோணமலையில் ஒரு கலவன் பாடசாலை, தரம் 12 ஆங்கில இலக்கிய வகுப்பு. 22 பிள்ளைகள். வாரத்துக்கு 5 பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். பரீட்சை நூல்களுக்கு மேலதிகமாக அடுத்த தவணையில் ஜோர்ஜ் ஓர்வெல்லின் '1984' நாவலை வாசிக்க இருக்கிறோம்.

இதுவரை 3 பாடவேளை இலக்கியம், 2 பாடவேளை கிராமர் என்று பிரித்துத்தான் போகிறது. இடைவெளி நிரப்பு, வசனம் மாற்று என்று கொடுத்தால் பெரும்பாலானோர் பிழையில்லாமல் செய்கிறார்கள். அதே பிள்ளைகள் நாவலைப் பற்றி ஒரு பந்தி எழுதினால் அதற்குள் மூன்று காலமும் கலந்து கிடக்கிறது. பாசிவ் வொய்ஸ் (செயப்பாட்டுவினை) என்றால் எல்லா வசனத்திலும் 'பை சம்வன்' (யாரோ ஒருவரால்) ஒட்டுகிறார்கள்.

கிராமரை நாவலுக்குள்ளிருந்தே எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். எந்த அதிகாரத்தில் எதை எடுக்கலாம்? வாசிப்பின் ருசி கெடாமல் செய்ய வழி உண்டா? 3ஆம் பகுதியின் சித்திரவதையையும் 2ஆம் பகுதியின் காதல் காட்சிகளையும் கலவன் வகுப்பில் எப்படிக் கையாளலாம் என்றும் சொல்லுங்கள்.

கோட்டைவீதி

ரீச்சர், காலம் கலப்பதை முதலில் எடுப்போம். அந்தப் பிள்ளைகளுக்குக் கிராமர் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. நாவல் இறந்தகாலத்தில் சொல்லப்படுகிறது. நாவலைப் பற்றிய கட்டுரையோ ஆங்கில மரபில் நிகழ்காலத்தில் எழுதப்படுவது. பிள்ளை புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறான். சம்பவத்தை எழுதும்போது பக்கத்தில் இருக்கும் இறந்தகாலம் அப்படியே கொப்பியில் இறங்குகிறது, தன் கருத்துக்கு வரும்போது நிகழ்காலம் தானாக வருகிறது. இப்படி இரண்டு காலம் இருக்கிறது என்பதையே பல வகுப்புகளில் யாரும் வாய்திறந்து சொல்வதில்லை.

முதல் வாரமே இதைப் பலகையில் எழுதிப் போடுங்கள். கதைக்குள் நடப்பது சிம்பிள் பிரசன்ட். அந்தக் கட்டத்துக்கு முன்பே நடந்து முடிந்தது பிரசன்ட் பெர்பெக்ட் அல்லது சிம்பிள் பாஸ்ட். ஓர்வெல்லின் வாழ்க்கை, நூல் வெளிவந்த 1949, அக்கால உலகம் எல்லாம் சிம்பிள் பாஸ்ட். பிறகு 1ஆம் அதிகாரத்தின் கதையை ஆறு வசனத்தில் எழுதச் சொல்லி, ஒவ்வொரு வினைச்சொல்லின் கீழும் கோடிட்டு, இந்த மூன்றில் எது என்று ஓரத்தில் இலக்கமிடச் சொல்லுங்கள். இலக்கமிடும்போது பாதிப் பிழையைப் பிள்ளையே பிடித்துவிடும்.

இனி நாவலுக்குள் போவோம். பாஸ்ட் பெர்பெக்ட் (கடந்த ஒன்றுக்கும் முன்பே நடந்ததைச் சொல்லும் காலம்) படிப்பிக்க 1ஆம் பகுதியின் 3ஆம் அதிகாரத்தை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கதை நடக்கும் ஓசியானியா என்ற நாடு இப்போது யூரேசியா என்ற நாட்டோடு போரில் இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன் இரண்டும் கூட்டாளிகள். ஆளும் கட்சி சொல்வதில் 'ஹாட் நெவர் பீன்' வருகிறது, கதாநாயகன் வின்ஸ்டனுக்குத் தெரிந்ததில் 'ஹாட் பீன்' வருகிறது. காலம் ஒன்றுதான், ஒன்று பொய், மற்றது உண்மை. பலகையில் ஒரு கோடு கீறி 1984 ஐயும் அதற்கு நான்கு வருடம் முந்திய புள்ளியையும் குறியுங்கள். 'கட்சியின் கோடு', 'வின்ஸ்டனின் கோடு' என்று இரண்டாகக் கீறினால், கட்சியின் கோட்டில் அந்தப் பழைய புள்ளியே இருக்காது. பாஸ்ட் பெர்பெக்டின் வேலை என்ன என்று அதற்குப் பிறகு விளக்க வேண்டியதில்லை.

அதே வசனத்தில் ரிப்போர்ட்டட் ஸ்பீச்சையும் (அயற்கூற்று) முடித்துவிடலாம். கட்சியின் கூற்றை நேர்க்கூற்றாக மாற்றச் சொல்லுங்கள், 'ஹாட்' 'ஹாஸ்' ஆக வேண்டும். தமிழில் 'என்று' போட்டால் உள்ளே இருக்கும் காலம் அசையாது. 'வருகிறேன் என்று சொன்னான்' என்றே எழுதுவோம். அந்தப் பழக்கத்தில்தான் ஆங்கிலத்திலும் காலத்தைப் பின்தள்ளாமல் விடுகிறார்கள்.

பாசிவ் வொய்சுக்கு 1ஆம் அதிகாரம், டெலிஸ்கிரீன் (வீட்டுக்குள் இருப்பவரைக் கண்காணிக்கும் திரை) வரும் பந்தி. எந்த நேரத்தில் நாம் கண்காணிக்கப்படுகிறோம் என்று அறிய வழியில்லை என்ற இடத்தில் 'வேர் பீயிங் வோச்ட்' வருகிறது. 'பீயிங்' ஐ எடுத்துவிட்டு வாசித்துக் காட்டுங்கள், அந்தக் கணத்தின் பயம் போய்விடும். பார்ப்பது யார் என்று அந்த வசனத்தில் ஓர்வெல் சொல்லவில்லை, சொல்லாமல் விடுவதற்குத்தான் அங்கே பாசிவ். நம் பிள்ளைகளுக்கு இது புதிதும் இல்லை. அலுவலக அறிவித்தலில் 'பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்' என்று தினமும் பார்க்கிறார்கள். கேட்பது யார்? அந்த வசனத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு அதிகாரத்தில் இருந்து எட்டுப் பாசிவ் வசனம் எடுக்கச் சொல்லி, செய்தவர் யார் என்று நூலே சொன்னால் பெயரையும், சொல்லாவிட்டால் கேள்விக்குறியையும் ஓரத்தில் இடச் சொல்லுங்கள். கேள்விக்குறி விழுந்த வசனத்தில் 'பை' போடக் கூடாது என்பது அன்றைய விதி. ஒவ்வொரு வசனத்தையும் மாற்றி எழுது என்று பயிற்சிப் புத்தகங்கள் கேட்பதால்தான் 'பை சம்வன்' பழக்கம் வருகிறது.

இன்னொன்று, 1ஆம் பகுதி 7ஆம் அதிகாரம், பாட்டாளிகளைப் பற்றி வின்ஸ்டன் எழுதும் வசனம். விழிப்படையும் வரை கிளர்ந்தெழ மாட்டார்கள், கிளர்ந்தெழுந்த பிறகே விழிப்படைய முடியும். 'அன்டில்' இரண்டு முறை வருகிறது, முதலில் சிம்பிள் பிரசன்ட், பிறகு பிரசன்ட் பெர்பெக்ட். நம் பிள்ளைகள் அங்கே 'வில்' போடுவார்கள், ஏனெனில் 'விழிப்படையும்' என்ற தமிழ் உருவம் எதிர்காலம் போல் இருக்கிறது. காரணத்தைச் சொன்னால் பிழை வேகமாகக் குறையும்.

மூதூர்_மிஸ்

கோட்டைவீதி சேர் சொன்ன இடங்கள் அருமை. ஆனால் முதல் வாசிப்பில் கிராமரைத் தொட வேண்டாம். கதை போய்க்கொண்டிருக்கும்போது நிறுத்தி 'இது என்ன காலம்?' என்று கேட்டால் புத்தகம் பயிற்சிக் கொப்பியாகிவிடும். இன்று வாசித்த பக்கத்தை நாளை கிராமருக்கு எடுங்கள். 5 பாடவேளையில் 2 வாசிப்பும் பேச்சும், 1 ஒரே பக்கத்தைக் கூர்ந்து பார்ப்பது, 1 எழுதுவது, 1 திருத்துவது. கூர்ந்து பார்க்கும் பகுதி 150 சொல்லைத் தாண்டினால் 40 நிமிடம் போதாது.

நாவல் மூன்று பகுதி. 8, 10, 6 என்று 24 அதிகாரம், அதன்பின் பின்னிணைப்பு. எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் போனால் தவணை காணாது. 1ஆம் பகுதியை ஆறுதலாக, 2ஆம் பகுதியைப் பாதி வீட்டு வாசிப்பாக எடுங்கள். 2ஆம் பகுதி 9ஆம் அதிகாரத்தில் கட்சியின் எதிரியான கோல்ட்ஸ்டைனின் புத்தகம் நீளமாக வருகிறது, வகுப்பு தூங்கும் இடம் அதுதான். இரண்டு பக்கம் தெரிந்தெடுத்து, மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகருங்கள்.

காதல் காட்சிகளை உரக்க வாசிக்க வைக்க வேண்டாம். வீட்டில் வாசிக்கட்டும். வகுப்பில் ஒரே கேள்வி போதும்: கட்சி ஏன் இந்த உறவுக்குப் பயப்படுகிறது? பெற்றோருக்கு முன்கூட்டியே ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, அதிபரிடமும் கையொப்பம் வாங்கி வையுங்கள். 3ஆம் பகுதியை ஆசிரியரே வாசிப்பது நல்லது, எங்கே நிறுத்துவது என்பது அப்போது உங்கள் கையில் இருக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று. எல்லாரும் 3ஆம் பகுதியைத்தான் யோசிப்பார்கள். ஆனால் 1ஆம் அதிகாரத்திலேயே வின்ஸ்டனின் நாட்குறிப்பில், அகதிகள் நிறைந்த கப்பலும் பிள்ளைகள் இருக்கும் படகும் குண்டுக்கு இரையாகும் படக்காட்சி வருகிறது. போரையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்ட குடும்பங்கள் இருக்கும் ஊரில் அதை முன்னறிவிப்பு இல்லாமல் வாசிக்கவே கூடாது. முதல் நாளே சொல்லுங்கள். வெளியே இருக்க விரும்பும் பிள்ளையிடம் காரணம் கேட்காமல் நூலகத்துக்கு அனுப்புங்கள்.

அந்தப் பகுதியைப் படிப்பிக்க முடிந்த வகுப்பென்றால் நிறுத்தக்குறிக்கு அதைப் போல் வேறில்லை. எழுத எழுத பெரிய எழுத்துகள் போய்விடும், கடைசியில் முற்றுப்புள்ளியும் போய்விடும். கடைசிப் பத்து வரியைக் கொடுத்து, சோடி சோடியாக முற்றுப்புள்ளியும் பெரிய எழுத்தும் இடச் சொல்லுங்கள், 15 நிமிடம். எல்லாச் சோடியும் ஒரே இடத்தில் புள்ளி வைக்க மாட்டார்கள். அந்த வித்தியாசத்தைப் பற்றிப் பேசுவதுதான் பாடம்.

தம்பலகாமம்_77

நாவலில் கட்சி உருவாக்கும் மொழியான நியூஸ்பீக்கை யாரும் தொடவில்லையே! பின்னிணைப்பே ஒரு கிராமர் புத்தகம். துணைவினைகளைத் தவிர ஒழுங்கற்ற வினைகள் இல்லை, மற்ற எல்லாவற்றுக்கும் '-எட்': 'திங்க்ட்', 'ஸ்டீல்ட்'. பன்மைக்கு 'மான்ஸ்', 'ஒக்ஸஸ்'. ஒப்பீட்டுக்கு 'குட், குடர், குடஸ்ட்'. பெயரடைக்கு '-ஃபுல்', வினையடைக்கு '-வைஸ்'. 'பாட்' (கெட்ட) என்ற சொல்லே தேவையில்லை, 'அன்குட்' இருக்கிறது. 'ஹூம்' நீக்கப்பட்டது. சொல்லாக்கம், முன்னொட்டு, பின்னொட்டு முழுவதையும் இதில் முடிக்கலாம். திருகோணமலை பிரட்றிக் கோட்டை மான்களுக்குத் தீனி போட வேண்டாம் என்று ஒரு அறிவித்தலை நல்ல ஆங்கிலத்தில் எழுதி, பிறகு நியூஸ்பீக்கில் எழுதச் சொல்லுங்கள். எந்தக் கருத்து விழுந்துபோகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

நிலாவெளி_ரீச்சர்

எல்லாருக்கும் நன்றி. தம்பலகாமம் சேர், என் வகுப்பில் ஏழெட்டுப் பேருக்கு ஒழுங்கற்ற வினைகளே இன்னும் உறுதியில்லை. 'திங்க்ட்' ஐக் காட்டினால் அதையே பிடித்துக்கொள்ள மாட்டார்களா? திருத்துவதைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். 22 கொப்பியிலும் எல்லாப் பிழைக்கும் சிவப்பு மை போட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கோட்டைவீதி

உங்கள் பயம் சரியானது, ரீச்சர். பிழையான உருவம் விளையாட்டோடு வந்தால் மனதில் நன்றாக ஒட்டும். அதனால் நியூஸ்பீக்கைக் கடைசி இரண்டு வாரத்துக்குத் தள்ளுங்கள். அதுவரை வாரம் பத்து ஒழுங்கற்ற வினை, நாவலில் வந்தவை மட்டும். நியூஸ்பீக் நாளில் தாளை இரண்டு நிரலாக மடித்து, இடப்பக்கம் கட்சியின் உருவம், வலப்பக்கம் பழைய ஆங்கில உருவம். வலப்பக்கம் நிரம்பாத தாளை வாங்க வேண்டாம்.

உறுதியில்லாத பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் ஓர்வெல்லின் 'அனிமல் ஃபார்ம்' (1945) இல் இருந்து, பண்ணை மிருகங்கள் தமக்கு வகுத்த கட்டளைகளை மட்டும் கொடுங்கள். எந்த மிருகமும் கட்டிலில் உறங்கக் கூடாது என்பதன் பின்னால் 6ஆம் அதிகாரத்தில் 'விரிப்புடன்' என்று சேர்கிறது. 8ஆம் அதிகாரத்தில் கொலைக்கு எதிரான கட்டளையில் 'காரணமின்றி', மதுவுக்கு எதிரானதில் 'அளவுக்கு மீறி'. ஒரு பிரிப்பொசிஷன் தொடர் சட்டத்தையே புரட்டிவிடுகிறது. 'ஷல்' தடையாக வருவதையும் சேர்த்துக் காட்டலாம், 30 நிமிடத்தில் முடியும்.

திருத்துவதில், அந்த வாரம் படிப்பித்த ஒரே விடயத்தை மட்டும் பாருங்கள். பாசிவ் வாரம் என்றால் ஆர்ட்டிக்கிள் பிழையை விட்டுவிடுங்கள். பிழையைச் சரிசெய்து எழுதிக் கொடுக்காமல் வரியின் ஓரத்தில் ஒரு சிறு குறி மட்டும் வையுங்கள். எங்கே பிழை என்று பிள்ளை தேடித் திருத்தட்டும், அதற்குத்தான் மூதூர் மிஸ் சொன்ன ஐந்தாவது பாடவேளை. திருத்திய பிரதிக்கு மட்டும் புள்ளி கொடுங்கள், முதல் பிரதிக்கு வேண்டாம்.

மூதூர்_மிஸ்

பின்னிணைப்பைப் பற்றி ஒரு சொல். அது முழுக்க இறந்தகாலத்தில், சாதாரண ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. நியூஸ்பீக் ஓசியானியாவின் மொழியாக 'இருந்தது'. அப்படியென்றால் எழுதியவர் எந்தக் காலத்தில் நின்று எழுதுகிறார், கட்சி வீழ்ந்துவிட்டதா? அப்படி வாசிப்பவர்களும் உண்டு, அது வெறும் எழுத்து மரபு என்பவர்களும் உண்டு. வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கமும் பின்னிணைப்பில் இருந்து மூன்று வினைச்சொல்லையாவது ஆதாரம் காட்ட வேண்டும் என்று விதி வையுங்கள்.

போட்டோகொப்பிக்குப் பயப்பட வேண்டாம். ஓர்வெல் 1950 ஜனவரியில் காலமானார். இலங்கைச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 70 ஆண்டு, ஆகவே மூலநூல் 2021 இல் இருந்து பொதுவுடைமை. பிறர் எழுதிய முன்னுரையையும் குறிப்புகளையும் மட்டும் பிரதி எடுக்காதீர்கள். கூர்ந்து பார்க்கும் பக்கத்தை இரட்டை வரி இடைவெளியில், வலது ஓரத்தில் நான்கு விரல் இடம் விட்டுத் தட்டச்சு செய்து அடியுங்கள். கேள்விக்குறியும் இலக்கமும் எழுத இடம் இல்லாவிட்டால் பிள்ளைகள் வசனத்தின் மேலேயே கிறுக்கி, பிறகு அவர்களாலேயே வாசிக்க முடியாமல் போகும்.