மிசௌரியில் அந்த 50,000 டாலரை யார் கட்டுவது?

கதிர்வேல்: ஃபெடரல், அதாவது அமெரிக்க மத்திய அரசின், துப்பாக்கிச் சட்டத்தை அமல்படுத்தும் மிசௌரி மாநிலப் போலீஸ்காரர் தன் சொந்தப் பணத்திலிருந்து 50,000 டாலர் அபராதம் கட்ட வேண்டும் என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல். 2021 ஜூனில் ஆளுநர் மைக் பார்சன் லீஸ் சம்மிட் ஊரில் ஒரு துப்பாக்கிக் கடையில் வைத்துக் கையெழுத்துப் போட்ட மாநிலச் சட்டம் அது: சில ஃபெடரல் துப்பாக்கிச் சட்டங்கள் மிசௌரியில் செல்லாது, ஊர் போலீஸ் அவற்றை அமல்படுத்தக்கூடாது என்றது. அபராதம் போலீஸ்காரருக்கு இல்லை, அவரை வேலைக்கு வைத்திருக்கும் துறைக்கு.

தேன்மொழி: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாமே. பத்துப் பேர் வேலை பார்க்கும் சின்ன ஊர் ஸ்டேஷன் ஒரு தடவைக்கு 50,000 கட்டினால், அப்புறம் அந்த ஆளுக்கு அங்கே வேலை இருக்குமா?

கதிர்வேல்: "சொந்தப் பணம்" என்றீர்களா இல்லையா?

சேகரன்: 1997-இல் மொன்டானா மாநில ஷெரிஃப் (உள்ளூர்க் காவல் தலைவர்) ஜே பிரின்ட்ஸ் தொடுத்த வழக்கிலேயே இது முடிந்த கதை. துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கச் சொல்லி ஊர் ஷெரிஃபை வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசு கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்கள் வேலையை அவர்களே பார்க்கட்டும்.

தேன்மொழி: சேகரன் அண்ணே, உதவ மாட்டேன் என்பது வேறு, உன் சட்டமே செல்லாது என்பது வேறு. மிசௌரி இரண்டாவதைச் செய்தது. அதனால்தான் 2023 மார்ச்சில் ஃபெடரல் நீதிபதி பிரையன் வைம்ஸ் அதை ரத்து செய்தார், 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டிலும் மிசௌரி தோற்றது. மனைவியை அடித்துத் தண்டனை பெற்றவன், அது சிறு குற்றமாகவே இருந்தாலும், துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது என்பது 1996-இல் வந்த ஃபெடரல் சட்டம். மிசௌரியின் சொந்தத் துப்பாக்கிச் சட்டங்களில் அந்தத் தடை இல்லை. அடி வாங்கியவள் ஊர் போலீஸைக் கூப்பிட்டால், அபராதத்துக்குப் பயந்து அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா?

கதிர்வேல்: உருக்கமாகப் பேசினால் கேள்வி மறைந்துவிடாது. அந்தச் சட்டப்படி துறைதான் கட்ட வேண்டியிருந்தது. துறை. துறை.

முத்துராசு: கான்சாஸ் மாநிலத்தை மறந்துவிட்டீர்கள். மாநிலத்துக்குள் செய்து அங்கேயே இருக்கும் துப்பாக்கிக்கு ஃபெடரல் சட்டம் பொருந்தாது என்று 2013-இல் சட்டம் போட்டார்கள். அதை நம்பி ஒரு ராணுவச் சாமான் கடைக்காரர் துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சரைப் பதிவு செய்யாமல் விற்றார், முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் வாங்கினார். 2016-இல் இரண்டு பேரும் ஃபெடரல் குற்றவாளிகள் ஆனார்கள். சட்டம் போட்ட சட்டமன்ற உறுப்பினர் ஒருவர்மீதுகூட வழக்கு இல்லை.

சேகரன்: சிறைக்கா போனார்கள்? நன்னடத்தைக் கண்காணிப்புதானே. குடியேறிகளைப் பிடிக்க ஊர் போலீஸ் உதவக்கூடாது என்று 2017-இல் கலிஃபோர்னியா சட்டம் போட்டபோது இதே முத்துராசு கை தட்டினார். மாநில உரிமை அன்றைக்கு இனித்தது.

முத்துராசு: குடியேற்றச் சட்டம் செல்லாது என்று கலிஃபோர்னியா எழுதியதா? காட்டுங்கள். போன மாத வரி விவாதத்திலும் இப்படித்தான் பாதியில் பேச்சை மாற்றினீர்கள்.

சேகரன்: வரி விவாதத்தில் ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

தேன்மொழி: "சொந்தப் பணம்" என்பதற்குப் பதில் "அவர் வேலை" என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்னதில் வேறெதுவும் மாறாது.

கதிர்வேல்: அப்படியென்றால் தவறு என்று எழுதுங்கள். சட்டம் செத்தது எனக்கும் தெரியும். யார் கட்டுவது என்பதுதான் நேற்றிலிருந்து என் கேள்வி.

முத்துராசு: வரி விவாதத்தின் சுட்டி இருக்கிறது சேகரன், போடட்டுமா?